கிரேக்கமும் இலத்தீனும் தெரியாமல் பண்டைய வரலாறு படிக்கலாமா?

கேள்வி கேட்டவர் பிளஸ் டூ முடிக்கப்போகும் மாணவி. கிரேக்க, ரோமானிய வரலாற்றில் ஆசை. இங்கிலாந்தில் 'கிளாசிக்ஸ்' என்றும் 'ஏன்ஷியன்ட் ஹிஸ்டரி' என்றும் பட்டப்படிப்புகள் இருப்பது தெரிகிறது. ஆனால் கிரேக்கத்திலோ இலத்தீனிலோ ஓர் எழுத்துகூடத் தெரியாது. எல்லாம்தான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வந்துவிட்டதே, அந்த மொழிகள் எதற்கு, பேசாமல் சாதாரண வரலாறே எடுத்துவிடலாமா என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: கற்பதென்றால் முதலில் எதைக் கற்பது? வேலை கிடைக்குமா என்று வீட்டில் கேட்கிறார்களாம். அதை அவர் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார். உண்மையில் அதுதான் பெரிய கேள்வி என்பது எனக்குத் தெரியும், அதற்கும் வருகிறேன்.

நான் சென்னையில் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, இருபத்து மூன்று வயதில் இங்கிலாந்து போய்ப் பண்டைய வரலாற்றில் முதுகலையும் ஆய்வும் செய்தவன். பிறகு பதினோரு ஆண்டுகள் அங்கே முதலாமாண்டு மாணவர்களுக்கு வகுப்பெடுத்தேன். ஆகவே நான் சொல்வது பெரும்பாலும் பிரிட்டனைப் பற்றியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நான் படித்ததும் இல்லை, கற்பித்ததும் இல்லை. அந்தப் பக்கம் போகவில்லை.

மொழி தெரியாமல் சேரலாமா என்றால், சேரலாம். ஒரு காலத்தில் முடியாது. ஆக்ஸ்ஃபோர்டில் எந்தப் பாடம் படிக்க வந்தாலும் கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி 1920 வரை இருந்தது. வேதியியல் படிக்க வந்தவனும் கிரேக்க வினைத் திரிபுகளை ஒப்பிக்க வேண்டியிருந்தது. இலத்தீன் கட்டாயம் 1960 வாக்கில்தான் விலகியது. நம் ஊரை ஆள வந்த ஐ.சி.எஸ். அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்த போட்டித் தேர்விலும், 1850களில் திட்டம் வகுத்தபோது, கிரேக்கத்துக்கு 750, இலத்தீனுக்கு 750, சமஸ்கிருதத்துக்கு 375 என்று மதிப்பெண் வைத்தார்கள். தமிழுக்கு என்ன வைத்தார்கள் என்று கேட்காதீர்கள்.

அந்தக் காலம் போய்விட்டது. ஆக்ஸ்ஃபோர்டின் நான்காண்டு கிளாசிக்ஸ் படிப்பில் பள்ளியில் அந்த மொழிகளைப் படிக்காதவர்களுக்கென்றே ஒரு வழி இருக்கிறது. கேம்பிரிட்ஜில் இலத்தீன் தெரியாதவர்கள் ஓர் ஆண்டு கூடுதலாகப் படித்து நான்கு ஆண்டில் முடிக்கலாம். மொழியே கட்டாயமில்லாத படிப்புகளும் உண்டு: ஆக்ஸ்ஃபோர்டில் தொல்லியலும் பண்டைய வரலாறும் சேர்ந்த மூன்றாண்டுப் பட்டம் அப்படிப்பட்டது. லண்டன், டர்ஹம், வாரிக், மான்செஸ்டர், எடின்பரோ என்று பல இடங்களில் பண்டைய வரலாறு தனிப் பட்டமாகவே இருக்கிறது. ஸ்காட்லாந்தில் மட்டும் பட்டப்படிப்பு பொதுவாக நான்கு ஆண்டு. பெயர்கள் குழப்பும், பயப்பட வேண்டாம். கிளாசிக்ஸ் என்றால் மொழியும் இலக்கியமும் நடுவில் இருக்கும், வரலாறும் தத்துவமும் கலையும் அதைச் சுற்றி வரும். ஏன்ஷியன்ட் ஹிஸ்டரி என்றால் வரலாறு நடுவில், மொழி விருப்பப் பாடம். கிளாசிக்கல் ஸ்டடீஸ் அல்லது சிவிலைசேஷன் என்றால் ஏறக்குறைய எல்லாமே மொழிபெயர்ப்பில். பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தத் துறையின் பாடப் பட்டியலைத் திறந்து, மூன்று ஆண்டில் எத்தனை தாள் மூலமொழியில் எழுத வாய்ப்பிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். படிப்பின் குணம் அந்த எண்ணிக்கையில் இருக்கிறது.

சரி, மொழி இல்லாமல் சேர முடியும் என்றால், மொழி எதற்கு? இதற்கு வகுப்பில் என்ன நடக்கிறது என்று காட்டினால்தான் விளங்கும்.

பள்ளியில் வரலாறு என்பது நடந்ததைத் தெரிந்துகொள்வது. பல்கலைக்கழகத்தில் முதல் மாதமே அது மாறிவிடும். வாரத்துக்கு ஒரு கட்டுரை, ஏழெட்டு நூல்களிலிருந்து அத்தியாயங்கள், அப்புறம் இரண்டு மூன்று பேர் ஆசிரியர் எதிரில் உட்கார்ந்து எழுதியதைக் காப்பாற்றிப் பேச வேண்டும். தேர்வில் 'காபெட்' என்று ஒன்று வரும். ஏதோ ஒரு மூலநூலிலிருந்து நான்கு வரி, அல்லது ஒரு நாணயத்தின் படம், அல்லது ஒரு கல்வெட்டுத் துண்டு. இது என்ன, எங்கிருந்து வந்தது, எதற்குச் சான்று, எதற்குச் சான்று இல்லை என்று பதினைந்து இருபது நிமிடத்தில் எழுத வேண்டும். என்னைக் கேட்டால் மொத்தப் பட்டத்தின் சாரமும் அந்தக் கடைசிக் கேள்விதான்.

நான் முதல் வகுப்பில் எப்போதும் கொடுக்கும் துண்டு ஒன்று உண்டு. இங்கிலாந்தின் வடக்கே வின்டலாண்டா என்று ஒரு ரோமானியக் கோட்டை. ரோமானியர் கட்டிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவர் எழும்புவதற்கு முந்திய காலத்திலேயே அங்கே படை இருந்தது. 1973 முதல் அங்கே ஈரமண்ணுக்குள்ளிருந்து மெல்லிய மரச்சீவல்கள் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. அஞ்சலட்டை அளவு, மையால் எழுதியவை. பிறந்தநாளுக்கு வரச்சொல்லித் தோழியை அழைக்கும் ஒரு பெண்ணின் கடிதம், சாலை மோசமாக இருப்பதால் சரக்கு எடுக்கப் போகவில்லை என்று ஒரு வியாபாரியின் புலம்பல், இப்படி. அவற்றில் ஒன்று வீரர்கள் வாங்கிய பொருள்களின் கணக்கு. அதில் ஒரு வரி: தாப்போவின் மகன் கம்பாக்ஸ், மிளகு, 2 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு).

இதைப் போட்டதும் வகுப்பில் கை தூக்குவார்கள். "இந்திய மிளகு பிரிட்டன் வரை வந்திருக்கிறது, சாதாரணச் சிப்பாய்கூட வாங்கியிருக்கிறான், அவ்வளவு மலிவு!" என்பான் ஒருவன். "2 தெனாரியஸ் என்றால் விலை அதிகம், ஆடம்பரப் பொருள்" என்பாள் இன்னொருத்தி. இரண்டு பேரும் ஒரே வரியிலிருந்துதான் பேசுகிறார்கள். நான் மெதுவாகக் கேட்பேன்: எவ்வளவு மிளகு? வரியில் எடை இல்லை. அப்புறம் யாராவது ரோமானிய எழுத்தாளர் பிளினியைக் கொண்டுவருவார்கள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன அந்த மனிதர் கருமிளகு ஒரு ரோமானிய ராத்தல் 4 தெனாரியஸ், வெண்மிளகு 7, திப்பிலி 15 என்று எழுதி வைத்திருக்கிறார். ஆகா, அப்படியானால் 2 தெனாரியஸுக்கு அரை ராத்தல் கருமிளகு, இன்றைய கணக்கில் 160 கிராம் சொச்சம்! கணக்கு சரி. ஆனால் பிளினி சொல்வது இத்தாலியின் விலை, இருபது முப்பது ஆண்டு முந்தியது. அதே விலை கடல் தாண்டி, பேரரசின் வடகோடிப் படைமுகாமில் இருந்ததா? தெரியாது. சிப்பாயின் சம்பளத்தில் இது எத்தனை பங்கு? லீஜியன் என்ற முதன்மைப் படைப்பிரிவின் வீரனுக்கு அந்தக் காலத்தில் ஆண்டுக்கு 300 தெனாரியஸ். ஆனால் வின்டலாண்டாவில் இருந்தது லீஜியன் அல்ல, துணைப்படை. துணைப்படைக்கு என்ன சம்பளம் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் சண்டை.

ஆக, உறுதி எவ்வளவு? கி.பி. 100 வாக்கில், ரோமானியப் பேரரசின் வடக்கு எல்லையில், கம்பாக்ஸ் என்ற பெயருள்ள ஒருவன் கணக்கில் மிளகு ஏறியது. மிளகு இந்தியாவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அதற்கு மேல் சொல்வதெல்லாம் படிப்படியாக மெலிந்துகொண்டே போகும் ஊகம். எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு நிற்பதற்குத்தான் மூன்று ஆண்டு. இது வராதவர்கள் எவ்வளவு படித்தாலும் கதைசொல்லிகளாகவே இருந்துவிடுகிறார்கள். கதைசொல்வதும் நல்ல தொழில்தான், அதற்கு இவ்வளவு செலவு செய்ய வேண்டியதில்லை.

இப்போது மொழிக்கு வருகிறேன். வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் ஏடு, அதாவது எகிப்திய நாணல் தாள், இருக்கிறது. 1985இல் பதிப்பித்தார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி, கிரேக்கம், தலைப்பகுதி இல்லை. ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம்: சரக்கு செங்கடல் துறையில் இறங்கி, பாலைவனத்தில் ஒட்டகம் ஏறி, நைல் வழியே அலெக்சாந்திரியா போய், அங்கே அரசு கிடங்கில் முத்திரையோடு வைக்கப்படும் என்று போகிறது. மறுபக்கம் 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பலில் வந்த சரக்கின் எடையும் மதிப்பும்: கங்கைப் பகுதியின் நளதம் என்னும் நறுமணத் தைலப் பொருள், யானைத் தந்தம். வரி போக மதிப்பு ரோமானியக் கணக்கில் ஏறக்குறைய 70 இலட்சம் செஸ்டர்ஸ் (நான்கு செஸ்டர்ஸ் ஒரு தெனாரியஸ்). ஒரே கப்பல். அந்தக் கடன் ஒப்பந்தத்தில் முசிறியின் பெயர் வருகிறது. 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று அகநானூறு பாடுகிறதே, அதே சேரநாட்டுத் துறைமுகம் முசிறி.

நான் முதன்முதலில் இதை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தபோது, முசிறியில் கையெழுத்தான ஒப்பந்தம் என்று இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. முசிறியில் கிரேக்கக் கடன் பத்திரம் எழுதினார்கள் என்றால் அங்கே கடன் கொடுப்பவர், எழுத்தர், சாட்சி எல்லாரும் இருந்திருக்க வேண்டும். ஒரு முழு யவனக் குடியிருப்பே இருந்திருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒரு கட்டுரையே எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் அதைத் திருப்பித் தந்தபோது ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: "கிரேக்கத்தைப் பார்த்தாயா?"

பார்த்தேன், அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி. மூலத்தில் இருப்பது 'கதா மூசெய்ரின்'. 'கதா' என்பது முன்னுருபு. அது 'இடத்தில்' என்றும் பொருள்படும், 'அதைப் பொறுத்த', 'அதற்கான' என்றும் பொருள்படும். முசிறியில் எழுதிய பத்திரமாகவும் இருக்கலாம், முசிறிப் பயணத்துக்கான பத்திரம் என்று அலெக்சாந்திரியாவில் உட்கார்ந்து எழுதியதாகவும் இருக்கலாம். பல அறிஞர்கள் இரண்டாவதன் பக்கம் சாய்கிறார்கள், வழக்கு முடிந்துவிடவில்லை. மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் ஏதாவது ஒரு சொல்லைப் போட்டாக வேண்டும், போட்டார். அவர் செய்தது தப்பில்லை. அவர் முடிவெடுத்த இடம் எது என்று எனக்குத் தெரியாமல் போனதுதான் என் தப்பு. வேடிக்கை என்னவென்றால், தமிழில் இந்தச் சிக்கலை அப்படியே வைத்துவிடலாம். 'முசிறிப் பத்திரம்' என்று சொல்லுங்கள். வேற்றுமைத்தொகை. முசிறியில் எழுதிய பத்திரமா, முசிறிக்கான பத்திரமா? உருபு மறைந்து நிற்கிறது. பள்ளி இலக்கணத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த தொகைநிலைத்தொடர், இத்தனை ஆண்டு கழித்து வேறொரு நாட்டில் எனக்குக் கைகொடுத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஏட்டில் மிஞ்சியிருக்கும் பகுதியில் மிளகு என்ற சொல் கிடையாது. மிளகுக் கப்பல், மிளகுக் கப்பல் என்று எல்லாரும் எழுதுகிறார்களே, அது மொத்தத்திலிருந்து தெரிந்தவற்றைக் கழித்து, மீதி மிளகாக இருக்கும் என்று போட்ட கணக்கு. நல்ல கணக்குதான், நானும் பெரும்பாலும் நம்புகிறேன். ஆனால் அது கழித்தல், சொல் அல்ல.

ஒரே ஓர் எழுத்துக்காகவும் மொழி வேண்டியிருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் யாரோ ஒரு கிரேக்க வணிகர் எழுதிய செங்கடல் வழிகாட்டி 'பெரிப்ளஸ்' என்று நம் பாடநூல்களிலேயே வருகிறது. அதற்கு நம்பத்தக்க சுவடி ஒன்றுதான்: பத்தாம் நூற்றாண்டில் படியெடுத்தது, ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதில் முசிறி இருக்கும் நாட்டின் பெயர் 'லிமிரிகே' என்று இருக்கிறது. எந்த ஊர் அது? கிரேக்கப் பெரிய எழுத்தில் லாம்ப்தா ('ல') என்பது கூரை போல இரண்டு சாய்கோடு. அதன் அடியில் ஒரு படுக்கைக்கோடு இழுத்தால் டெல்டா ('த'). எங்கோ ஒரு படியில் அந்தக் கோடு விட்டுப்போயிருந்தால், மூலத்தில் இருந்தது 'திமிரிகே'. ரோமானிய வரைபடம் ஒன்றின் இடைக்காலப் பிரதியில் 'தாமிரிகே' என்றே இருக்கிறது. அதுவும் அதே வியன்னா நூலகத்தில்தான். தமிழகம் என்பதன் கிரேக்க உச்சரிப்பு என்று பலரும் கருதுவது இதனால்தான். வலுவான ஊகம், ஆனாலும் ஊகம். உ.வே.சா. பதிப்புகளில் அடிக்குறிப்பில் '(பி-ம்.)' என்று போட்டு வேறு பாடங்களைக் கொடுத்திருப்பாரே, கிரேக்க நூல்களின் பதிப்பிலும் பக்கத்தின் அடியில் அப்படியே ஒரு பட்டி ஓடும். மொழிபெயர்ப்பில் முதலில் காணாமல் போவது அந்தப் பட்டிதான்.

பயமுறுத்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஓர் ஆறுதல்: ஆங்கிலம் மட்டும் பேசி வளர்ந்தவர்களைவிட உங்களுக்கு இந்த மொழிகள் சில இடங்களில் எளிது. 'கனிஸ் ஹோமினெம் மோர்தெத்': நாய் மனிதனைக் கடிக்கிறது. சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் கடிபடுவது மனிதன்தான், ஏனென்றால் 'எம்' என்ற ஈறு நம் 'ஐ' உருபின் வேலையைச் செய்கிறது. என் வகுப்பில் ஆங்கிலேயப் பிள்ளைகள் முதல் வாரம் முழுக்க மனிதனை விட்டு நாயைக் கடிக்க வைத்துக்கொண்டிருப்பார்கள். எட்டு வேற்றுமை ஒப்பித்தவர்களுக்கு அந்தச் சிக்கல் வராது. கிரேக்கத்தில் இன்னும் சுகம். 'எல்தோன் எய்பென்' என்றால் 'வந்து சொன்னான்'. அப்படியே வினையெச்சம். இதை ஆங்கிலத்தில் கொண்டுவர அவர்கள் படும் பாடு தனி. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. கிரேக்கத்தில் மேசையும் கடலும் பெண்பால் என்று பொருளுக்குத் தொடர்பில்லாத பால் பாகுபாடு; கிரேக்க வினைச்சொல் எடுக்கும் நூற்றுக்கணக்கான வடிவங்கள். அதற்குக் குறுக்கு வழி இல்லை. தினம் ஒரு மணி நேரம், சின்ன அட்டைகள், பேருந்தில், குளியலறைச் சுவரில்.

தமிழர்களாக நமக்கு ஒரு பள்ளமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் அரிசிக்கு 'ஒரூசா' என்று பெயர், அது நம் 'அரிசி'தான் என்று கால்டுவெல் காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். விண்ணப்பக் கட்டுரையில் இதை எழுதாதீர்கள். கீழை ஈரானிய மொழிகள் வழியாகப் போயிருக்கலாம் என்ற கருத்து இன்று வலுவாக இருக்கிறது. குறைந்தபட்சம் இது தீராத வழக்கு. இஞ்சி வேறு கதை. கிரேக்க 'சிங்கிபெரிஸ்' பிராகிருதம் வழியாகப் போனது, அதன் அடியில் திராவிடச் சொல் இருக்கிறது என்பதைப் பொதுவாக ஒப்புக்கொள்கிறார்கள். இஞ்சியைச் சொல்லுங்கள், அரிசியை விட்டுவிடுங்கள். நம் பெருமைக்கு ஒன்றும் குறைவில்லை: எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகேயில், இந்தியச் சாடி ஒன்றில் 7.55 கிலோ கருமிளகு அப்படியே கிடைத்திருக்கிறது. அந்தக் கரையோரத் துறைமுகங்களில் தமிழ்-பிராமி கீறிய பானை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. அவை கண்ணால் காணும் பொருள்கள்.

ஆனால் இதற்காக மட்டும் அங்கே போகிறீர்கள் என்றால் ஏமாந்துபோவீர்கள். பட்டப்படிப்பில் இந்தியப் பெருங்கடல் வணிகம் ஒரு வாரம் வந்தால் அதிர்ஷ்டம். மீதி நேரம் ஏதென்ஸ் ஜனநாயகம், ஸ்பார்ட்டா, ரோமானியக் குடியரசு எப்படி உடைந்தது, முதல் பேரரசர் அகஸ்டஸ் எப்படி அதை உடையாதது போலக் காட்டினார், அடிமைகள், பெண்கள், மதம். இவை உங்களுக்கு ருசிக்க வேண்டும். கீழடியும் கொற்கையும் பானைக் கீறலும்தான் உங்களை இழுக்கிறது என்றால், தயவுசெய்து தொல்லியலும் கல்வெட்டியலும் படியுங்கள். தமிழ்நாட்டிலேயே படிக்கலாம், செலவும் குறைவு, வேலையும் கண்ணெதிரில் இருக்கிறது.

பேசாமல் சாதாரண வரலாறே எடுத்துவிடலாமா என்று கேட்டீர்கள். நவீன வரலாற்றில் ஆவணம் மலைபோலக் குவிந்திருக்கும். எதைப் படிக்காமல் விடுவது என்பதே திறமை. எங்களுக்கு அது தலைகீழ். ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதிய ரோம் வரலாறு 142 நூல்கள், இன்று இருப்பவை 35. இன்னொரு வரலாற்றாசிரியர் டாசிடஸின் ஆண்டுக்குறிப்புகளில் பேரரசர் கலிகுலாவின் ஆட்சி முழுவதும் இல்லை, கிழிந்துபோன பக்கம் மாதிரி. இருக்கும் கொஞ்சத்தைத் திரும்பத் திரும்பக் கசக்குவதுதான் எங்கள் பிழைப்பு. சிலருக்கு அது மூச்சுமுட்டும். எனக்குப் பிடித்திருந்தது. எதில் சேர்வது என்று தடுமாறினால், இரண்டும் கலந்த பட்டங்கள் இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டின் பண்டைய-நவீன வரலாறு அப்படித்தான்.

இப்போது அடைப்புக்குறிக்குள் இருந்த கேள்வி. வெளிநாட்டு மாணவர்களுக்குப் பிரிட்டனில் கல்விக் கட்டணம் மட்டும் பெரும்பாலும் ஆண்டுக்கு 20,000 பவுண்டுக்கு மேல். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜில் அதைவிட நன்றாகவே அதிகம். தங்கும் செலவு தனி. இளங்கலைக்கு முழு உதவித்தொகை கிடைப்பது அரிது. முதுகலைக்குக் கதவு அகலம்: ரோட்ஸ், ஃபெலிக்ஸ், காமன்வெல்த் போன்றவை பட்டம் முடித்தவர்களுக்கானவை. வீட்டில் தாராளமாகப் பணம் இல்லாவிட்டால் என் யோசனை நான் போன வழியேதான்: இங்கே பி.ஏ. வரலாறு, கூடவே சொந்தமாக மொழி, பிறகு ஓராண்டு முதுகலைக்கு அங்கே. என் தவறு ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். நான் மொழியை முதுகலைக்குப் போன பிறகுதான் தொடங்கினேன். ஆய்வுக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு மொழியும் வேண்டும், கூடவே ஜெர்மனும் பிரெஞ்சும் படிக்கத் தெரிய வேண்டும். இருபத்து நான்கு வயதில் நான்கையும் ஒன்றாகக் கையில் எடுத்த அந்தக் குளிர்காலத்தை நான் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கட்டணம் கிடையாது என்பது உண்மை. ஆனால் இந்தத் துறையில் பாடம் ஜெர்மனில் நடக்கும், பல இடங்களில் இலத்தீன் தேர்ச்சிச் சான்றும் கேட்பார்கள்.

வேலை? பேராசிரியர் வேலை மிகக் குறைவு. என்னோடு ஆய்வு முடித்தவர்களில் பாதிப்பேர்கூடப் பல்கலைக்கழகத்தில் இல்லை; சட்டம், அருங்காட்சியகம், பதிப்பகம், பள்ளி ஆசிரியர் வேலை, ஒருவர் மென்பொருள். யாரும் பட்டினி கிடக்கவில்லை, ஆனால் படித்த படிப்பு நேராக வேலை கொடுத்தது என்று சொல்ல மாட்டார்கள். ஐ.ஏ.எஸ். தேர்வில் வரலாறு விருப்பப்பாடம் எடுத்தால் உதவுமே என்று வீட்டில் யாராவது சொன்னால், பாடத்திட்டத்தைக் காட்டுங்கள். இந்தியாவின் பண்டைய வரலாறு அதில் உண்டு. உலக வரலாறு தொடங்குவதே ஐரோப்பிய அறிவொளிக் காலத்திலிருந்துதான். கிரேக்கமும் ரோமும் அதில் இல்லை.

முடிவெடுப்பதற்கு முன் செலவில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். வின்டலாண்டா எழுத்துகள் படத்தோடும் மொழிபெயர்ப்போடும் இணையத்தில் இலவசம். பெர்சியஸ் என்ற இணைய நூலகத்தில் கிரேக்க, இலத்தீன் நூல்கள் மூலத்தோடு இருக்கின்றன, சொல்லைத் தொட்டால் இலக்கணம் வரும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமானிய நாணயங்கள் இருக்கின்றன. போனால் ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் புதையலாகக் கிடைத்தன; பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தது. செல்லாக்காசாக்க வெட்டினார்களா, உள்ளே பொன்தானா என்று பார்க்க வெட்டினார்களா, வேறு காரணமா? வெட்டு இருக்கிறது என்பது உறுதி. அதற்கு மேல் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுத எழுத ஆர்வம் கூடினால் நீங்கள் இந்தத் துறைக்கு ஆள்.

முதலில் எந்த மொழி? இந்தியக் கடல் வணிகம்தான் பிடிக்கும் என்றால் கிரேக்கம். முசிறி ஏடும் பெரிப்ளஸும் கிரேக்கத்தில்தான். கையில் ஓர் ஆண்டுதான் இருக்கிறது, சீக்கிரம் ஏதாவது வாசிக்கத் தொடங்க வேண்டும் என்றால் இலத்தீன். எழுத்து ஏற்கனவே தெரியும், வினையும் கொஞ்சம் இரக்கம் காட்டும். இலத்தீனுக்கு நம் பக்கத்தில் இன்னொரு பயன் உண்டு. சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது, வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. இரண்டும் தமிழைப் பற்றி இலத்தீனில் எழுதியவை. ரோமுக்கே போகாவிட்டாலும், நம் பாட்டன் பூட்டன் அன்று பேசிய 'வந்தான், போனான்' பற்றி அந்நியர் ஒருவர் என்ன குறித்து வைத்தார் என்று மூலத்திலேயே படிக்கலாம். நான் இலத்தீனில் முதன்முதலில் அகராதி இல்லாமல் படித்து முடித்த பக்கம் அதில் ஒன்றுதான். உதாரணச் சொல்லெல்லாம் தமிழாக இருந்ததால் பாதி வேலை மிச்சம்.